கதிரொளி மன்றம்

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் பகுதிகள் கடலை ஒட்டி அமைந்துள்ளன. மீன்பிடி துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த நிலம் இது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை மின்னாற்றல் வழங்கிற்று. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் வழங்கி வருகின்றது. ஆயினும், பெரும்புயல் வீசுங்கால் மின்னாற்றல் பிறக்கும் இப்பகுதியிலேயே இருள் சூழ்ந்துவிடுகின்றது. விளக்கடியில் இருள் என்பது இதுதான் போலும்!

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலால் பெருமழை கொட்டிற்று. வெள்ளத்தில் கலந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகம்வரை பரவி மீனவர்தம் படகுகளையும் வலைகளையும் பாழாக்கிற்று. பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் நின்றால் விளக்கு மட்டுமா அணைகின்றது? நீரேற்றும் பொறி நிற்கின்றது; இன்சுலின் மருந்து குளிர்ச்சி இழக்கின்றது; கைப்பேசி ஓய்ந்து, உதவி கோரும் குரலும் அடங்குகின்றது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. 2017 செப்டம்பர் 20ஆம் நாள் மரியா புயல், கரிபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கிற்று. தீவு முழுதும் இருண்டது. ஆனால், அங்கு ஒரு மலையூரில் 'காசா புவேப்லோ' என்னும் மக்கள் மன்றம் 1999 முதலே கதிரவன் ஒளியால் மின்சாரம் பெற்று வந்தது. ஊரார் அங்கே கூடினர், கைப்பேசிகளுக்கு மின்னேற்றினர், நோயாளிகளின் மூச்சுக் கருவிகளை இயக்கினர்.

கூரைமேல் சூரியத் தகடுகளைப் பதித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். அறுந்த கம்பியைச் செப்பனிடுவோர் உயிருக்கு ஊறு நேராதிருக்கவே இவ்வேற்பாடு. ஆதலின், மின்னாற்றலைச் சேமிக்கும் மின்கலம் இன்றியமையாதது. மேகம் மூடிய நாளில் விளைவு மிகக் குறையுமாதலின், புயலுக்கு முன்பே அது நிறைந்திருத்தல் வேண்டும். பத்து யூனிட் கொள்ளும் மின்கலம் ஒன்று, இருபது சிறு விளக்குகளை இரவெல்லாம் எரித்து, நூறு கைப்பேசிகளுக்கும் மின்னேற்றி, மிச்சமும் வைக்கும். அதனை வெள்ளம் எட்டா மேல்தளத்தில் வைத்தல் நன்று. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்குமாதலின், தகடுகளைத் தாங்கும் சட்டங்களையும் அடிக்கடி ஆராய்தல் வேண்டும்.

மாணவர்களே! பூட்டிக் கிடக்கும் மன்றம் புயல் நாளில் பயன்படாது. மாலையில் மாணவர் படிக்கவும், மீனவர் வானிலைச் செய்தி கேட்கவும் அது நாளும் திறந்திருக்குமாயின், பழுது உடனே தெரியும். திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதும் ஊரறியும். வருமுன் காத்தலைப் பொருட்பாலில் வற்புறுத்தினார் வள்ளுவர். அவ்வறிவுரை மன்னர்க்கு மட்டுமன்று. கடலோரக் குப்பங்கள் ஒவ்வொன்றுக்கும் உரியதாகும்.