டாக்டருக்கு என்ன கொடுப்பது?



சில மாதங்களுக்கு முன், நம் டிரஸ்டில் மருத்துவ உதவி பெற்ற ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் அவர் மகனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கம்மலை அடகு வைத்து டாக்டருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிப் போயிருக்கிறார். டாக்டர் கும்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நாங்க முஸ்லிம்னுதான் வாங்கலையா பாய்?" என்று அந்த அம்மா கேட்டது என் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் அதுவல்ல. வாங்கியிருந்தால்தான் அந்த டாக்டருக்குச் சிக்கல்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், திர்மிதீ இரண்டிலும் உண்டு. ஆகவே அந்தத் தாயின் எண்ணம் சரியானதே. ஆனால் பொறுப்பில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது வேறொன்றையும் பார்க்க வேண்டும். பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் ஒரு பகுதியை ஒப்படைத்துவிட்டு, மற்றது தமக்கு வந்த ஹதியா என்றார். பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது இவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. நாமும் அதையே கேட்டுக்கொள்ளலாம்: இவர் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் இதைக் கொடுப்போமா?

நாட்டின் சட்டமும் இதைக் கவனிக்கிறது. அரசு ஊழியர் பரிசு பெறுவதற்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்பாடு வைத்துள்ளன. ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பிள்ளை பிறந்ததும் வார்டில் கைநீட்டிக் கேட்கப்படும் காசை "சந்தோஷம்" என்கிறார்கள். கொடுப்பவருக்கு அதில் என்ன சந்தோஷம்?

இலவசச் சட்ட உதவியில் அமர்த்தப்படும் வக்கீலுக்கும் நாம் எதுவும் தர வேண்டியதில்லை. அவருக்குரியதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவே தருகிறது.

அப்படியானால் எப்படித்தான் நன்றி சொல்வது? அவருடைய மேலதிகாரிக்கு, பெயரும் தேதியும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வரிசையில் நிற்கிறோம். நன்றிக் கடிதத்தோடு நின்றவரை நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் வாலிபர்கள் இருந்தால் ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் இரத்தம் கொடுக்கலாம். பதிலுக்குக் கொடுக்க எதுவும் இல்லாதவர், உதவியவருக்காக துஆச் செய்யட்டும் என்பதும் நபிவழிதான்.

தனியார் டாக்டர், ஆடிட்டர், கட்டணம் வாங்கும் வக்கீல் விஷயம் வேறு. முதல் நன்றி, பேசிய ஃபீஸைத் தாமதமின்றிக் கொடுப்பது. பாதி ஃபீஸைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதன்பின் பேரீச்சம்பழம், பழக்கூடை, ஒரு நல்ல பேனா போதும். நம் ஊரில் சைவர்கள் அதிகம். கார்த்திகையில் விரதம் இருப்போரும் உண்டு. பெருநாள் பிரியாணியை அனுப்புமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஷீர் குருமா என்றால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. மாற்று மதத்தவருக்குப் பரிசு தரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நபியவர்கள் தமக்குக் கொடுத்த பட்டாடையை உமர் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்த, இஸ்லாத்தை ஏற்காத தம் சகோதரருக்கு அனுப்பியது புகாரியில் இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது நினைவில் இருக்கட்டும்.

அந்தத் தாயாரின் கடிகாரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார், கம்மலும் மீண்டது. பள்ளியில் படிக்கும் மகள் எழுதிய கடிதத்தை டீன் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை டாக்டரிடம் காட்டினார்களாம். அதை அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

இத்தகைய கடிதம் எழுத உதவி வேண்டுவோர் அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.