சாக்கெட் ஒன்றுதான், போர்டு வேறு

"அண்ணே, என் போர்டும் 1151, இந்த பிராசசரும் 1151. போட்டா ஓடணும்ல?"

வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு என் சர்வீஸ் மேஜைக்கு வருகிறார். வாங்கும் முன் கேட்பவர் தப்பித்தார். பெரும்பாலானவர்கள் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடாது. இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக்கென்று வந்த 100, 200 வரிசை போர்டுகளில் 8, 9-ஆம் தலைமுறை பிராசசர் ஓடாது. திருப்பிப் போட்டாலும் அதே கதைதான். 300 வரிசை போர்டில் 7-ஆம் தலைமுறை பிராசசருக்கு வேலையில்லை.

சாக்கெட் ஒன்றானால் ஓடும் என்ற இந்த வதந்தி இப்போது ஏன் இத்தனை வேகமாகப் பரவுகிறது என்பதும் எனக்குத் தெரியும். 2016, 2017-இல் கேம் ஆடுவதற்கென்று வீடுகளில் கட்டிய கம்ப்யூட்டர்களில் நிறைய ஐ5-6400, ஐ5-7400 போன்ற பிராசசர்கள். போர்டு ஹெச்110 அல்லது பி250. கூடவே ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. நல்ல கூட்டணி, நன்றாக உழைத்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் 8-ஆம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஆறும் ஏழும் வைத்திருந்தவர்கள் எட்டைத் தேடிக் கிளம்பினார்கள். பழைய பிராசசர் விற்பவர்களும் தயாராக இருந்தார்கள்: "1151 தானே, தாராளமா போடலாம்."

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரித் தம்பி வந்தார். விடுமுறையில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஐ7-8700 ஒன்றைப் பழைய சாமானாக வாங்கியிருக்கிறார். வீட்டில் தானே கழற்றி மாட்டினார். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. சரியாக உட்காரவில்லையோ என்று எடுத்துத் திரும்ப வைத்தார். பேஸ்ட் போதவில்லையோ என்று இன்னொரு தரம். நான்காவது முறை கை நழுவி, பிராசசரின் மூலை சாக்கெட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு பழைய ஐ5-ஐ வைத்தாலும் திரை வரவில்லை.

இந்த வகை சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. 1151 என்பது அந்த ஊசிகளின் எண்ணிக்கை. முடி போன்ற, வளைந்த, நகம் பட்டாலே சாயும் ஊசிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஏழு சாய்ந்திருந்தன. ஐந்தை நிமிர்த்தினேன். இரண்டு ஒடிந்தன. அந்த ஐ7-ஐ விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். வேலை செய்துகொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் ஒரு தவறான வாக்கியத்தால் போனது. எனக்குக் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்தோ தெரியாமலோ, "போடலாம்" என்று சொல்பவர்கள் மேல்தான்.

காரணத்தைக் கேளுங்கள். ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். எந்த ஊசி எதற்கு என்பது மாறிவிட்டது. 7-ஆம் தலைமுறை வரை பிராசசரின் கோர்களுக்கு மின்சாரம் கொடுக்க 128 ஊசிகள் இருந்தன. 8-ஆம் தலைமுறையில் அது 146 ஆனது. கிரவுண்டுக்கான ஊசிகள் 377-இலிருந்து 391 ஆயின. ஐ7-7700-இல் நான்கு கோர், ஐ7-8700-இல் ஆறு. கூடுதல் கோருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்பது இன்டெல் சொன்ன காரணம். முன்பு சும்மா ஒதுக்கி வைத்திருந்த இடங்களில் இப்போது மின்சாரம் ஓடுகிறது. இதற்கு மேல் பயாஸ் இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது போர்டிலுள்ள சிறிய சிப்பில் எழுதியிருக்கும் அந்த நிரல்தான். குறிப்பிட்ட பிராசசருக்கான மைக்ரோகோட் அதில் இல்லையென்றால் திரை வராது. ஹெச்110 போர்டுகளுக்கு 8-ஆம் தலைமுறையைச் சேர்த்து பெரிய தயாரிப்பாளர் யாரும் முறைப்படி பயாஸ் வெளியிடவில்லை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தது இன்டெலின் குற்றம் என்றே சொல்வேன். பூட்டின் துளை ஒரே மாதிரி இருப்பதால் சாவி உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

"நான் வீடியோவில் பார்த்தேனே, ஓடுதே" என்பார்கள். உண்மை, ஓட வைத்தவர்கள் உண்டு. பயாஸைப் பிரித்துத் திருத்தி, புரோகிராமர் என்ற கருவியால் சிப்பில் எழுதி, பிராசசரின் அடியில் சில தொடுபுள்ளிகளை டேப் ஒட்டி மறைத்து, வேறு சிலவற்றை இணைத்து ஓட வைக்கிறார்கள். அவர்கள் மேஜையில் உதிரி போர்டு நான்கு கிடக்கும். உங்கள் வீட்டில் இருப்பது ஒன்று.

வதந்திக்கு இன்னொரு ஊற்று, ரைசன் வைத்திருக்கும் நண்பர்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் வாங்கிய ரைசன் 5 1600-ஐக் கழற்றிவிட்டு, அதே போர்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ மாட்டியவர்கள் ஏராளம். அந்த நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் ஓடியது சாக்கெட்டால் இல்லை, பயாஸால். 300 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசையை ஏஎம்டி முதலில் மறுத்தது, 2022-இல்தான் திறந்துவிட்டது. பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தவர்கள் கறுப்புத் திரையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஒரு பழைய ரைசனை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் என் போர்டில் எது ஓடும்? இதற்கு யாரையும் கேட்க வேண்டாம், என்னையும் கூட. விண்டோஸின் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் போர்டின் பெயரும் பயாஸ் எண்ணும் இருக்கும். கேபினெட்டைத் திறந்தால் போர்டின் மேலேயே மாடலும், ஓரத்தில் ரிவிஷன் எண்ணும் அச்சடித்திருக்கும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு சிபியு சப்போர்ட் என்றொரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே எந்த பயாஸ் எண்ணிலிருந்து ஓடும் என்று போட்டிருப்பார்கள். ரிவிஷன் மாறினால் பட்டியலும் மாறலாம், அதையும் பாருங்கள். பட்டியலில் இல்லாத பிராசசரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹெச்110 வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியலின் உச்சி ஐ7-7700, 7700கே. உச்சியில் இருப்பதாலேயே பழைய சந்தையில் அதற்கு இன்னும் மதிப்புக்கு மீறிய விலை சொல்கிறார்கள். வாங்கினாலும் விண்டோஸ் 11 பட்டியலுக்குள் வராது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கட்டாயம் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் யோசனை, போர்டையும் பிராசசரையும் சேர்த்து மாற்றுவது. உங்கள் பழைய ரேம் டிடிஆர்4 என்றால் அது வீணாகாது. டிடிஆர்4 போடும் ஹெச்610 போர்டோடு ஐ3-12100எஃப், அல்லது பி450 போர்டோடு ரைசன் 5 5600. இரண்டுமே பழைய ஐ5-ஐ விட வெகுதூரம் முன்னால் நிற்பவை. ஹெச்610-இல் டிடிஆர்5 போடும் போர்டும் இருக்கிறது, பெயரை முழுதாகப் படித்து வாங்குங்கள். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் திரைக்கான வசதி உள்ளே கிடையாது. ரைசன் 5 5600-இலும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு இருந்தே ஆக வேண்டும். பழைய கூலரை 12-ஆம் தலைமுறை போர்டில் மாட்ட முயலாதீர்கள். 1151-இல் துளைகளுக்கு இடைவெளி 75 மில்லிமீட்டர், 12-ஆம் தலைமுறையின் 1700 சாக்கெட்டில் 78.

மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு சேதம் செய்வதில்லை. புது கிராபிக்ஸ் கார்டுக்குப் புது போர்டு வேண்டும் என்பது அதிலொன்று. வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 கார்டு 3 ஸ்லாட்டில் ஓடும், பெரும்பாலான கார்டுகளில் இழப்பு சொற்பம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கே லேன் உள்ள கார்டுகளைப் பழைய போர்டில் தவிர்த்துவிடுங்கள், அங்கே இழப்பு நன்றாகவே தெரியும். 3200 வேக ரேம் வாங்கினால் 3200-இல் ஓடும் என்பதும் தவறு. ஹெச்110-இல் 6-ஆம் தலைமுறையோடு அது 2133-இல்தான் ஓடும். அங்கே வேகத்துக்குக் காசு கொடுப்பதை விட, ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில், அழுத்தி மாட்ட முயன்றால் ஸ்லாட் உடையும். இன்னின்ன சதவீதம் பாட்டில்நெக் என்று கணக்குப் போட்டுத் தரும் தளங்களை நம்பி வாங்கவோ விற்கவோ செய்யாதீர்கள். ஒரே கம்ப்யூட்டர் ஒரு கேமில் பிராசசருக்காகத் தவிக்கும், இன்னொன்றில் கார்டுக்காகத் தவிக்கும். அதற்கு ஒற்றைச் சதவீதம் கிடையாது.

எஸ்எம்பிஎஸ் பற்றிய நம்பிக்கை மட்டும் அப்படி விட்டுவிட முடியாதது. "450 வாட் இருக்கே, போதாதா?" கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 192 வாட்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். மொத்தத்துக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய நான்கு முள் வயரிலிருந்து எட்டு முள் கார்டுக்கு இழுக்கும் அடாப்டரைக் கடையில் ஓசியாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எட்டு முள் இணைப்பு 150 வாட்டுக்கானது. அந்த மெலிந்த வயர் உருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்ற பயமும் வேண்டாம். கம்ப்யூட்டர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் அது இழுக்கும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எர்த் இல்லாத பாயின்ட்டில் சொருகுபவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது அண்ணே, எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தானே?" இல்லை. எல்லா கம்ப்யூட்டரும் அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் பேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு இணைக்கும் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் அவை கேபினெட்டின் இரும்பில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தைக் கொண்டுவந்து நிறுத்தும், 230-க்கு 115 வோல்ட். மின்சாரத்தின் அளவு மிகச் சிறியது என்பதால் சுர்ரோடு போகிறது. அந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி, போர்ட் போன கார்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. உள்ளே எங்கேயாவது நேரடியாக வயர் இரும்பில் பட்டால் அப்போது தொடுபவருக்கு சுர்ரோடு போகாது.

மூன்று முள்ளில் பெரியதை ஒடித்துவிட்டு இரண்டு முள் பாயின்ட்டில் சொருகுகிறார்கள். எர்த் குழியைச் சிமென்ட் பூசி மறைத்து, மேலே டைல்ஸ் ஒட்டி, கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் செய்கிறார்கள். பிறகு ஸ்பைக் பஸ்டர் வாங்கி வைக்கிறார்கள். எர்த் இல்லாத ஸ்பைக் பஸ்டர் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அப்படி இல்லையென்றால் கார்டுக்காகச் சேர்த்த பணத்தில் முதலில் எர்த் போடுங்கள். கார்டு அடுத்த மாதமும் கடையில் இருக்கும்.

பிராசசர் வாங்கக் கிளம்பும்போது போர்டின் மாடல், ரிவிஷன், பயாஸ் எண், 12 வோல்ட் ஆம்பியர் நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் சுவரில் இருக்கும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மூன்று முள்ளும் இருக்கிறதா என்று.