விளக்கு எரிந்தால் ஊமையாகும் அபாய மணி

சென்னை மயிலாப்பூரில் உறவினர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் ஒரு விந்தையைக் காண நேர்ந்தது. வாசற்கதவைத் திறந்தால் ஒலிக்க வேண்டிய கம்பியில்லா அபாய மணி பகலில் ஒழுங்காக ஒலித்தது. இருட்டிக் கூடத்து விளக்கைப் போட்டதும் மௌனமாயிற்று. மணியை விற்றவர் இருமுறை வந்து பாட்டரியை மாற்றிச் சென்றாராம். குற்றம் மணியில் இல்லை. மணிப்பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் புதிதாக மாட்டிய எல்.ஈ.டி. பல்பில் இருந்தது.

பட்டணத்து வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எண்ணலாம். குடிநீர் மோட்டார் அறைக்கும் பம்புசெட்டுக் கொட்டகைக்கும் திருட்டுக்கு அஞ்சி இத்தகைய மணியை அமைப்போர் நம்மிடையேயும் உள்ளனர். அங்கே விடிய விடிய எரியும் விளக்கும் உண்டு. திருடன் வரும் வேளையில் மணி ஊமையாகுமாயின் செலவிட்ட பணத்தால் பயன் என்ன?

பழைய குண்டு பல்பில் மின்சாரம் இழையைச் சூடாக்கியது, அவ்வளவே. எல்.ஈ.டி. பல்பின் அடிப்பாகத்திலோ, மின்சாரத்தைத் தனக்கேற்றவாறு மாற்றிக்கொள்ளும் சிறு அமைப்பு ஒன்று இருக்கிறது. அது வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கிறது. அப்போது வானொலி அலை வடிவில் இரைச்சல் பிறக்கும். அதனை அடக்கக் கம்பிச்சுருளும் கண்டென்சரும் வைப்பது முறை. விலையைக் குறைக்க இவற்றை விட்டுவிடும் பல்புகளில் இரைச்சல் வெளியேறுகிறது. வீட்டு மின்கம்பியே அதற்கு ஏரியலாகிறது. கதவிலுள்ள கருவி அனுப்பும் மெல்லிய சமிக்ஞை, சந்தை இரைச்சலில் குழந்தையின் குரல்போல் அமிழ்ந்துபோகிறது.

கடலிலும் இத்தொல்லை உண்டு. கப்பல்களிலுள்ள எல்.ஈ.டி. விளக்குகள் அபாயச் செய்தி கேட்கும் ரேடியோவைச் செவிடாக்கக்கூடும் என்று 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை எச்சரித்தது. விளக்கைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் மிகுகிறதா என்று கேட்டறிவதே அது கூறிய சோதனை.

நாமும் இதனைச் செய்யலாம். பாட்டரி ரேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் ஒலிக்காத இடத்தில் நிறுத்தி, பல்பின் அருகே கொண்டு செல்க. (இன்று ஊரில் அத்தகைய ரேடியோவைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம்.) விளக்கைப் போட்டவுடன் ‘கர்’ என்ற ஓசை எழுமாயின் அப்பல்பு சந்தேகத்துக்குரியது. ஆனால் ரேடியோவும் மணியும் வெவ்வேறு அலைகளில் இயங்குவன. ஆதலின் இரவில், எல்லா விளக்குகளும் எரியும்போது, கதவைத் திறந்து மணியையே சோதித்தல் அவசியம்.

பஞ்சாயத்துக்குப் பல்பு வாங்குகையில், ரேடியோ இடையூற்றுக்கான ‘சிஸ்பர் 15’ என்னும் சர்வதேச வரம்புக்கு உட்பட்டதா என்று எழுத்து மூலம் கேட்கலாம். கம்பி இழுத்து அமைக்கும் மணியாயின், அதன் கம்பியை விளக்குக் கம்பியுடன் ஒரே குழாயில் செலுத்தலாகாது.

மயிலாப்பூர் உறவினர் மணிப்பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினார், அன்றிரவே ஒலித்தது. மறுநாள் பல்பையும் மாற்றிவிட்டார்.