ஒரு தீப்பொறியின் ஆயுள்

எனக்கென்று தனியாகக் கிடைத்த முதல் பார்ட்டிக்கிள் ஷாட், சாணை பிடிக்கும் காட்சி. கல்லில் அரிவாள் படும் இடத்திலிருந்து பொறி தெறிக்க வேண்டும். மொத்தம் நான்கு வினாடி. பிளெண்டர் மென்பொருளில் துகள்களை உமிழும் எமிட்டரை வைத்து, ஆரஞ்சு நிறம் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். மின்மினிப் பூச்சிகள் மிதந்தன. இரண்டு நாள் நிறத்தையும் ஒளியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு இருந்த இடமோ லைஃப்டைம், அதாவது துகளின் ஆயுள்.

பிளெண்டரில் பார்ட்டிக்கிள் சிஸ்டத்தைப் புதிதாகச் சேர்த்ததும் அது தரும் எண்கள் இவை: 1000 துகள்கள், 1-லிருந்து 200-ஆம் ஃப்ரேமுக்குள் பிறக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 50 ஃப்ரேம். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் இரண்டு வினாடிக்கும் மேல். சாணைப் பொறி அவ்வளவு நேரமா எரிகிறது? தெருவில் சாணை பிடிக்க வந்த பெரியவரிடம் கேட்டுக் கைபேசியில் படம் எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எண்ணினேன். பெரும்பாலானவை பத்து ஃப்ரேமுக்குள் அணைந்தன. ஓரிரண்டுதான் பதினைந்தைத் தாண்டின.

ஆயுளை 10 ஆக்கினேன். திரை வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் கணக்குப் புரிந்தது. ஃப்ரேமுக்கு 5 பிறந்து 50 ஃப்ரேம் வாழ்ந்தால், ஒரே நேரத்தில் 250 உயிரோடு இருக்கும். 10 ஃப்ரேம்தான் என்றால் 50. பிறப்பு விகிதமும் ஆயுளும் சேர்ந்துதான் கூட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் பாருங்கள். ஆயுளுக்குக் கொஞ்சம் ரேண்டம்னெஸ் கொடுக்கவும் மறக்காதீர்கள். எல்லாப் பொறியும் ஒரே வயதில் அணைந்தால், காற்றில் கோடு கிழித்தது போல ஒரு விளிம்பு தெரியும்.

பிறப்பு, வயது, ஆயுள் என்ற இந்தப் பேச்சு வில்லியம் ரீவ்ஸிடமிருந்து வருகிறது. 1982-இல் வெளியான 'ஸ்டார் ட்ரெக் 2' படத்தில் ஒரு கோளையே சூழ்ந்து பரவும் தீச்சுவரை லூகாஸ்ஃபிலிமில் அவர் இப்படித்தான் உருவாக்கினார். மறு ஆண்டு அதைக் கட்டுரையாகவும் எழுதினார். விரையும் துகளைப் புள்ளியாக வரையாமல் சிறு கோடாக வரைந்ததும் அதிலேயே இருக்கிறது. இன்று மோஷன் பிளர் என்கிறோம். என் பொறிகள் உயிர் பெற்றதும் அதைப் போட்ட பிறகுதான்.

பொறிகள் எப்படிச் சிதறும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் என்பது வெறும் எண். அதே சீட், அதே அமைப்பு என்றால் பொறிகள் அதே பாதையில்தான் பறக்கும். எண்ணை மாற்றினால் வேறு சிதறல். இயக்குநருக்குப் பிடித்த சிதறலின் சீட்டைக் குறித்து வைக்காமல் மாற்றிவிட்டு, அதைத் தேடி ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். இப்போது கோப்பின் பெயரிலேயே சீட் எண்ணைச் சேர்த்துவிடுகிறேன்.

கேஷ் விஷயத்தில் பட்டது இன்னும் பெரிது. துகளின் ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தைய ஃப்ரேமிலிருந்து கணக்கிடப்படுவது. வேறொரு புகை ஷாட்டில், அந்தக் கணக்கை முன்கூட்டியே கேஷ் கோப்புகளில் சேமிக்காமலே, அதாவது பேக் செய்யாமலே, நான்கு கணினிகளுக்கு ஃப்ரேம்களைப் பிரித்து ரெண்டருக்கு அனுப்பிவிட்டேன். நடுவிலிருந்து தொடங்கிய கணினிகளுக்கு அதற்கு முன் நடந்தது தெரியாதே! பகுதிகள் சேரும் இடமெல்லாம் புகை குதித்தது. இரவோடு இரவாக மொத்தத்தையும் மறுபடி ரெண்டர் செய்தோம். அன்றிலிருந்து பேக் செய்து, கேஷ் கோப்புகள் எல்லாக் கணினிக்கும் தெரியும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ரெண்டருக்கு அனுப்புகிறேன்.