ஒரே வேலிக்குள் இரண்டு அதிர்வுகள்

நிலநடுக்கம் என்றதும் நாம் முதலில் கேட்பது "ரிக்டர் எவ்வளவு?" என்றுதான். ஆய்வாளர்கள் அந்த அளவைப் பெரிதும் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகியும், அணு உலைக்கு இடம் தேரும் விவாதத்தில்கூட நாம் அதை விடுவதாக இல்லை.

"7 ரிக்டர் தாங்கும் உலை, கவலை வேண்டாம்" என்கிறார்கள். அந்த எண் நிலத்தடிப் பிளவில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. உலையின் அடித்தளம் எவ்வளவு குலுங்கும் என்பது தொலைவு, ஆழம், இடையிலுள்ள பாறை, மேலே படிந்த மண் ஆகியவற்றைப் பொறுத்தது. பொறியாளர்கள் கணக்கிடுவது நிலத்தின் முடுக்கத்தை. அதையும் அதிர்வெண்வாரியாகப் பிரித்து. ஒற்றை எண் தலைப்புச் செய்திக்கு வசதியாக இருப்பதால்தான் இந்தப் பிழை சாகாமல் இருக்கிறது.

"ஒரு வளாகம் முழுவதும் ஒரே மாதிரிதான் அதிரும்" என்பது அடுத்த நம்பிக்கை. ஜப்பானின் காஷிவாசாக்கி-கரிவா நிலையம் இதைப் பொய்யாக்கியது. அங்கே 7 உலைகள். 2007 ஜூலை 16 அன்று கடலடியில் 6.8 அளவில் நிலம் நடுங்கியபோது, முதல் உலையின் அடித்தளத்தில் பதிவான முடுக்கம் 680 கேல் (கேல் என்பது முடுக்கத்தின் அலகு). வடிவமைப்பில் எதிர்பார்த்ததோ 273. ஆறாவது உலையில் 322 மட்டுமே. நிலத்தடி அடுக்குகள் மடிந்து கிடந்ததால் அலைகள் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டன. மண்ணின் மேற்பரப்பைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

"பாறைமேல் கட்டினால் போதும்" என்பாரும் உண்டு. எந்தப் பாறை? காஷிவாசாக்கியில் அடித்தளங்கள் நின்றது மென்மையான களிப்பாறையில். கணக்குக்கு ஆதாரமான கெட்டி அடுக்கு நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது.

"வடிவமைப்பு அளவு மீறினால் உலை சிதறிவிடும்" என்ற எதிர்முனைப் பீதியும் தவறே. அன்று அங்கே இயங்கிக்கொண்டிருந்த உலைகள் தாமாக நின்றன. சிறிதளவு கதிரியக்க நீர் கடலில் கலந்தது. பெரிதாகத் தீப்பிடித்தது மூன்றாம் உலையின் மின்மாற்றி. அதன் அருகே நிலம் அமிழ்ந்தது. தீயணைப்புக் குழாய்களும் மண்ணுக்குள் உடைந்துபோயின. கட்டடத்தை மட்டும் சோதித்து, சுற்றியுள்ள மண்ணை மறந்ததற்கான விலை அது.

முதலில் மறுபடி இயங்கிய ஏழாம் உலைக்கே 2009 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் செய்த மறுகணக்கில் 1 முதல் 4 வரையிலான உலைகளுக்கு 2,300 கேல், 5 முதல் 7 வரை 1,209 கேல் என ஒரே வளாகத்துக்கு இரண்டு அளவுகள் வகுத்தார்கள்.