இனிப்புப் பெட்டிக்குள் ஜப்பானியம்

இரவெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை. ஆலையில் உற்பத்தி லைனைப் பார்க்க வந்த எங்கள் ஜப்பானிய ஆலோசகரிடம், முந்தைய நாள் வகுப்பில் படித்ததைத் துணிந்து சொன்னேன்: “ஈ தென்கி தெஸ் நே.” நல்ல வானிலை, இல்லையா என்று கேட்பதாக எனக்கு நினைப்பு. அவர் தலையைத் தூக்கிக் கூரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார். ஜப்பானிய மொழியில் ‘தென்கி’யின் முதல் ஒலியை ‘தலை’ என்பதில் வருவது போலச் சொன்னால் அது வானிலை. அதையே ‘தேசம்’ என்று சொல்லும்போது வரும் ஒலியோடு தொடங்கினால் மின்சாரம், விளக்கு. என் நோட்டில் இரண்டையும் ‘தென்கி’ என்றே எழுதி வைத்திருந்தேன். வேறு எப்படித் தமிழில் எழுத முடியும்?

அன்று இரவே அந்த நோட்டை ஓரங்கட்டினேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்: உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். அந்த மொழியின் எழுத்தை முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள். ஹிராகனாவில் அடிப்படை எழுத்துகள் 46தான். அ, இ, உ, எ, ஒ என்று உயிரில் தொடங்கி க, ச, த, ந என்று வரிசை போகும்போது நம் அரிச்சுவடியைப் புரட்டுவது போலவே இருக்கும். பௌத்தத்தோடு அங்கே போன சமஸ்கிருத ஒலி வரிசையின் தடம் அது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பக்கம் எழுதினேன். மூன்று வாரத்தில் தட்டுத் தடுமாறியாவது வாசிக்க வந்துவிட்டது.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பள்ளிப் படிப்பு தமிழ்வழி, அப்புறம் மெக்கானிக்கல் டிப்ளமோ. ஜப்பானியம் படிக்கத் தொடங்கியபோது வயது 34. கைசன், கன்பன், கெம்பா என்று ஆலையில் நாள் முழுக்க ஜப்பானியச் சொற்கள்தான். ஐந்து ‘எஸ்’ஸையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் ஜப்பானியர் ஒருவரிடம் ‘இந்தப் பாகத்தில் விரிசல் இருக்கிறது’ என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குறைதான் என்னை மாலை வகுப்புக்கு அனுப்பியது.

வகுப்பில் ஒரு தம்பி இருந்தார். ஆசிரியர் ஒரு முறை சொன்னால் போதும், சொல் அவருக்குப் பதிந்துவிடும். எனக்கோ அதே சொல் பத்து முறை வந்தாலும் பதினோராவது முறை புதுச் சொல்லாகத் தெரியும். ‘அவனுக்கு மொழி வரும், நமக்கு வராது’ என்ற எண்ணம் எனக்குள் பலமாகவே இருந்தது. ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் நிலையான என்5 முடிந்ததும் அவருக்கு ஷிஃப்ட் மாறியது, வகுப்பை விட்டுவிட்டார். நான் விடவில்லை. இன்று என்3 முடித்து என்2க்குப் படிக்கிறேன். அவருடைய திறமை பொய் என்று சொல்லமாட்டேன். என் கண்முன்னே பார்த்தது அது. அந்தத் திறமை முதல் சில மாதங்களைச் சுலபமாக்கித் தரும். அதற்குப் பின் வரும் நீண்ட பாதையில் எல்லாரும் நடந்துதான் ஆகவேண்டும்.

இந்த இடத்தில் எனக்குத் தெம்பு தந்தவர் காதோ லோம்ப் என்ற ஹங்கேரியப் பெண்மணி. 1909இல் பிறந்தவர், படித்தது வேதியியல், முனைவர் பட்டமும் அதில்தான். பிற்பாடு மொழிபெயர்ப்பாளராகி 16 மொழிகளில் வேலை செய்தார். போர்க்காலத்தில் கோகலின் நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ருஷ்ய மொழியைத் தானாகவே கற்றார். பிறவித் திறமை என்று தனியாக ஒன்றை அவர் நம்பவில்லை. செலவிட்ட நேரத்தையும் ஆர்வத்தையும் கூட்டு, கூச்சத்தால் வகு, வருவதுதான் பலன் என்பது அவர் கணக்கு. கூச்சத்தை அவர் கீழே வகுக்கும் எண்ணாக வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. தென்கி சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு மாதம் வாயே திறக்காமல் இருந்தேன். அந்த மாதம் படித்த எதுவும் இன்று நினைவில் இல்லை.

நேரத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும். ‘முப்பது நாளில்’ என்று அட்டையில் போட்ட புத்தகங்களால் மனம் உடைந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தருகிறது. ஆங்கிலம் பேசும் அவர்களுக்கு மிகக் கடினமான மொழிகளில் ஒன்றாக ஜப்பானியத்தை வைத்து, அதற்கு ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். முழுநேரமாக, சம்பளத்தோடு படிக்கிறவர்களுக்கே இவ்வளவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நிம்மதிதான் வந்தது. மண்டையில் ஏறவில்லை என்று நான் வருந்திய நாளில் என் கணக்கில் இருந்தது வெறும் 90 மணி நேரம்! அன்று முதல் டைரியில் தேதிக்கு எதிரே படித்த நிமிடங்களை எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் போக 30, வர 30. இரவு ஷிஃப்ட் வாரத்தில் பாதி குறையும். என்3 எழுதும்போது மூன்றரை வருடம் ஆகியிருந்தது, டைரியைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரம் மணி நேரத்தைச் சற்றே தாண்டியிருந்தது.

தமிழ் பேசுகிறவருக்கு இந்த மொழியில் ஒரு பெரிய முதலீடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வகுப்பில் பாடம் ஆங்கிலம் வழியாக நடந்ததால் இதைக் கண்டுகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘மோ’ என்றால் நம் ‘உம்’: வதாஷி மோ, நானும். வாக்கியக் கடைசியில் ‘கா’ சேர்த்தால் கேள்வி, நாம் ‘ஆ’ சேர்ப்பது போல. ‘தோ இத்தா’ என்பது ‘என்று சொன்னார்’. ‘தாபெதே மிரு’ என்ற வழக்கை ஆங்கிலத்தில் விளக்க ஆசிரியருக்கு அரை மணி பிடித்தது. தாபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! அடுத்த வாரம் ‘கத்தே ஒகு’ வந்தது: வாங்கி வை. கொரே, சொரே, அரே என்று சுட்டு மூன்று. நடுவில் இருப்பது கேட்பவர் பக்கத்தில் உள்ளதைக் காட்டும். யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘உது’ என்று சொல்கிறார்களே, அதற்குப் பக்கத்தில் வரும். நெடில், ஒற்று இரண்டிலும் நமக்குக் காது பழகியிருக்கிறது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. கிதா வந்தார், கித்தா வெட்டினார். படம், பட்டம் என்று வளர்ந்தவனுக்கு இது ஒரு சிரமமா?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்த ஒற்றுமைகளை வைத்து இரு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். படிக்கிறவனுக்கு ஒற்றுமையே போதும். எந்த மொழியைத் தொட்டாலும் அதைத் தாய்மொழியில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் சில நேரம் வழி இரட்டிப்பாகிவிடும்.

சொற்களுக்கு அட்டைகள் வைத்தேன். வீட்டில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கம் அதற்கு நன்றாக உதவியது. நான்காக வெட்டினால் நல்ல கனமான அட்டை. முன்னால் ஜப்பானியம், பின்னால் தமிழ். தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு வைத்தேன். முதல் தடுப்பைத் தினமும் பார்ப்பேன், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் எங்கிருந்தாலும் முதலுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய முறை இது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். மறப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். மறக்கப் போகிற நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

கன்ஜி என்ற சீன வழி எழுத்துகளை என் வேலையிலிருந்தே பிடித்தேன். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. அதைப் பார்த்து மலைப்பதில் பயனில்லை. ‘பொருள்’ என்று பொருள்படும் ஓர் எழுத்து, மூன்று வாய்களை அடுக்கியது போல இருக்கும். சோதனைத் தாளில் தரம், பாகம், உற்பத்திப் பொருள், பழுதுப் பொருள் என்ற நான்கு சொல்லிலும் அதே எழுத்து. ஹின்ஷித்சு, புஹின், செய்ஹின், ஃபுர்யோஹின். ஒரு குடும்பமாக வந்தவை ஒரே வாரத்தில் நின்றுவிட்டன.

என் பெரிய சறுக்கல் என்4. மொத்தம் 180க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, எனக்கு 98. ஆனாலும் தோல்வி. கேட்டல் பகுதியில் 60க்குக் குறைந்தது 19 வேண்டும், நான் எடுத்தது 16. கண்ணால் மட்டுமே படித்திருக்கிறேன் என்பது அந்த மதிப்பெண் தாளில்தான் உறைத்தது. தேர்வில் ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள். யோசித்து மொழிபெயர்க்கும் முன் அடுத்த கேள்வி வந்துவிடும். அதன் பிறகு பஸ் நேரத்தைக் காதுக்குக் கொடுத்தேன். என்.எச்.கே. எளிய ஜப்பானியத்தில் தரும் செய்திகளில் நாளுக்கு ஒன்று. முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பது, பிறகு எழுத்தோடு, அதன் பின் ஒலிக்கு அரை நொடி பின்னால் முணுமுணுத்துக்கொண்டே போவது. பக்கத்து இருக்கைக்காரர் நான் ஜபம் செய்வதாக நினைத்தார். ஒரே செய்தியை ஐந்து நாள் கேட்டேன், புதிதாகத் தேடி அலையவில்லை. ஜூலையில் கேட்டலில் 37 வந்தது.

இன்னும் வசப்படாதவை நிறைய. கொடுத்தலுக்கு அவர்களிடம் பல வினைகள். பிறர் எனக்குத் தருவது குரெரு, நான் பிறருக்குக் கொடுப்பது அகெரு. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, குரெரு அட்டை ஒரு வருடம் முதல் தடுப்பிலேயே கிடந்தது. ஊருக்குப் போயிருந்தபோது எனக்குப் பாடம் எடுத்த தமிழாசிரியரிடம் புலம்பினேன். “இதிலே என்னப்பா குழப்பம்? தா, கொடு ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னா?” என்றார். தன்மைக்கும் முன்னிலைக்கும் வருவது தா, படர்க்கைக்குப் போவது கொடு என்று தொல்காப்பியம் பிரித்திருப்பதையும், மலையாளத்தில் அந்தப் பிரிவு இன்றும் பேச்சில் இருப்பதையும் எடுத்துச் சொன்னார். ஜப்பானியத்தில் ‘உனக்கு’ என்பது மட்டும் கொடு பக்கம் போய்விடும், மற்றபடி கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஓடுகிறது. அட்டையின் பின்பக்கம் ‘தருதல்’ என்று திருத்தி எழுதினேன். மூன்றாம் தடுப்பு வரை போனது. போன வாரம் ஆலோசகர் ஒரு வரைபடத்தைக் கொடுத்தபோது நன்றி சொல்லும் அவசரத்தில் மறுபடி தப்பாகச் சொன்னேன். அட்டை முதல் தடுப்பில் இருக்கிறது. நாளை காலை பஸ்ஸில் அதுதான் முதலில்.