காவலர் பதவிக்குக் காத்திருப்போர்க்கு

இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்கு விண்ணப்பித்தவர், எழுத்துத் தேர்வு, உடற்கூறு அளவு, உடல்திறன் போட்டி, மருத்துவப் பரிசோதனை, நன்னடத்தை விசாரணை என்று படிப்படியாய் ஏற மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால், பார்த்துவரும் ஜீவனோபாயத்தைக் கைவிடாமலும், ஏக்கத்துக்கு இடங்கொடாமலும், நித்திய அப்பியாசத்தில் மனத்தைச் செலுத்துவதே உத்தமம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்கவேண்டும். எழுத்துத் தேர்வின் முடிவு தெரிந்த பிறகு ஓடத் தொடங்கினால் கால்கள் இணங்குமா? ஆதலால், விண்ணப்பித்த மறுநாள் வைகறையிலேயே மைதானத்துக்குப் போய்விடுங்கள். சான்றிதழ்கள் அனைத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எல்லாவற்றினும் முக்கியம்: தம் பேரில் எப்போதேனும் வழக்கு இருந்திருப்பின், விடுதலையே ஆகியிருந்தாலும், அதை விண்ணப்பத்தில் மறைக்கலாகாது, மறைத்த குற்றம் ஒன்றே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடக்கூடும்.